தம்பி பாடம் நடத்திய பருத்திக்காடு

1997 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குக் கேட்டியிலிருந்து கிளம்பினோம். கேட்டி, ஹூஸ்டனுக்கு மேற்கே முப்பது மைலில் இருக்கும் புறநகர். நாங்கள் போகவேண்டிய இடம் அங்கிருந்து வடக்கே இன்னொரு முப்பது மைல். பாளையங்கோட்டையில் காலமெல்லாம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். திசையும் தூரமும் சொல்லாமல் எனக்கு எதையும் எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்கு நான் ஊர் சுற்றிப்பார்க்க வரவில்லை. என் ஒரே தம்பி ஞானராஜ் செப்டம்பர் மாதம் மாரடைப்பில் போய்விட்டான். விசாவுக்கு அலைந்து, டிக்கெட் கிடைத்து, நான் வந்து இறங்குவதற்குள் அடக்கம் முடிந்து பூவெல்லாம் காய்ந்திருந்தது. வீட்டில் அவன் மனைவி மெர்சியும் மகள் ஷீபாவும் இருந்தார்கள். ஷீபாவுக்கு வயது பதினேழு. நாம் பேசும் தமிழ் முழுக்கப் புரியும்; பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

வந்த மறுநாள் அந்த வீட்டு டெலிபோன் பதிவு மெஷினில் ஒரு பெண்மணியின் குரல் கேட்டது. டாக்டர் ராஜின் டிபார்ட்மென்டிலிருந்து திருமதி கார்ட்டர் பேசுகிறேன், நினைவு ஆராதனைக்குக் குடும்பம் எப்போது தயாரோ அப்போது சொல்லுங்கள், காத்திருக்கிறோம் என்றது. மெர்சி போய் அதை அழித்துவிட்டு வந்தாள். முதல் தடவை அழிப்பவள் கையாகத் தெரியவில்லை.

"ஏன் மெர்சி, நல்ல காரியம்தான கேக்கிறாங்க?" என்றேன்.

"ஃபியூனரலுக்கே நான் அவங்கள இன்ஃபார்ம் பண்ணல மதினி. இப்ப எந்த முகத்தோட கால் பண்ணுவேன்?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தம்பி வேலை பார்த்தது கறுப்பின மக்களுக்கென்று அந்தக் காலத்தில் அரசாங்கம் தொடங்கிய பல்கலைக்கழகம். இவர்கள் கேட்டிக்குக் குடிவந்த புதிதில், ஒரு பிறந்தநாள் பார்ட்டியில், அவன் டெக்சாஸின் பெரிய யூனிவர்சிட்டியில் புரொபசர் என்று யாரோ தானாகவே நினைத்துக்கொண்டார்கள். மெர்சி திருத்தவில்லை. வீட்டில் சண்டை வேண்டாமென்று அவனும் வாயை மூடிக்கொண்டான். பதினொரு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

"இங்க எல்லாரும் டாக்டர், ஆயில் கம்பெனி இன்ஜினியர். ஏன் போயும் போயும் அங்க, வேற எங்கயும் கிடைக்கலையான்னு கேப்பாங்க மதினி. சர்ச்சுக்கு அந்தப் பிள்ளைங்க நூறு பேர் வந்து நின்னா எல்லாம் தெரிஞ்சுபோயிரும்னு பயந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையிலிருந்த காப்பியைச் சிங்க்கில் ஊற்றிவிட்டு எழுந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"நீ வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. எந்தம்பி தினம் போன இடத்த நான் பாக்கணும்" என்றேன். ஷீபா அன்றைக்கே போன் செய்து சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். கடைசி நிமிடத்தில் மெர்சியும் வந்து ஏறினாள், காரைவிட்டு இறங்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு.

ஷீபாதான் காரை ஓட்டினாள். கடைசி வீட்டு வரிசையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். என்ன பயிர் என்று உற்றுப்பார்த்தால், நெல்! அறுவடை முடிந்து தாள் நின்றது. டெக்சாஸ் என்றால் மாடும் தொப்பியும் என்றுதான் இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். கொக்கு மாதிரி வெள்ளைப் பறவைகள் தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. இந்த வழியாகத்தான் தினமும் போனானா, இதைப்பற்றி ஒரு கடிதத்திலும் எழுதவில்லையே என்று அவன்மேல் சின்ன வருத்தம் வந்தது.

வழியில் ஒரு சிற்றூரில் பெட்ரோல் போட நிறுத்தினோம். கேலன் ஒரு டாலர் பதினேழு சென்ட். கல்லாவில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அங்கேயா?" என்று எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சில்லறையை மேஜைமேல் வைத்தார். ஷீபா எண்ணி எடுத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தட்டையான அந்தப் பிரதேசத்தில் நிலம் லேசாக மேடேறுகிறது. அந்த மேட்டில்தான் பல்கலைக்கழகம். செங்கல் கட்டடங்கள், அகலமான புல்வெளி, தலை விரித்து நிற்கும் பெரிய ஓக் மரங்கள். எங்கோ பேண்டு வாத்தியக்காரர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள்; டிரம் சத்தம் உள்ளங்காலில் ஏறியது. திருமதி கார்ட்டர் சிற்றாலய வாசலில் நின்றிருந்தார். என் வயது இருக்கும். நீலத் தொப்பி, கையுறை, கோயிலுக்குப் போகும் உடுப்பு. அவர்தான் டிபார்ட்மென்டின் தலைவி. என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அவருடைய மூக்கு உங்களுக்கும்" என்றார். காருக்குள் இருந்த மெர்சியைப் பார்த்துத் தலையசைத்தார். வற்புறுத்தவில்லை.

"ஆராதனை பதினோரு மணிக்கு. அதற்குள் அவர் நடந்த இடங்களைக் காட்டுகிறேன்" என்று எங்களைக் கூட்டிப்போனார்.

இந்த மேடு முழுக்க ஒரு காலத்தில் பருத்திக்காடாம். ஒரே முதலாளி, அவருக்குக் கீழே விலைக்கு வாங்கிய ஆணும் பெண்ணும். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்து பத்துப் பன்னிரண்டு வருடங்களில் மாநிலம் இதே நிலத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வைத்தது. பண்ணைக்கார முதலாளியின் மாளிகையிலேயே முதலில் வகுப்பு நடந்ததாம். அப்பா அம்மா பின்வாசல் வழியாக நுழைந்த வீட்டில் பிள்ளைகள் முன்வாசல் வழியாகப் போய்ப் படித்திருக்கிறார்கள். இப்போது அந்த வீடு இல்லை. ஆசிரியர்களையும் நர்சுகளையும் இன்ஜினியர்களையும் இந்த மேடு உருவாக்கி அனுப்பியது. ஆனாலும் இங்கே படிக்கும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் ஓட்டுப்போட உச்ச நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது, அதுவும் எங்கள் தம்பி வருவதற்குச் சில வருடங்கள் முன்னால்தான். திருமதி கார்ட்டர் இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே நடந்தார்.

வளாகத்தின் ஓரத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு இடம். அங்கே தரையெல்லாம் நம்மூர் நித்தியகல்யாணி போலவே ஒரு கொடி, அதே சாயலில் ஊதாப் பூ. நாம் அதைச் சுடுகாட்டுப் பூ என்போம் இல்லையா? இங்கேயும் அது கல்லறைச் செடிதானாம். கல்வெட்டு வாங்க வழியில்லாதவர்கள் அடையாளத்துக்கு இதை நட்டார்கள். பருத்திக்காட்டில் வேலை செய்து செத்தவர்கள் இதற்கு அடியில் படுத்திருக்கிறார்கள். பெயர் இல்லை. அங்கங்கே தரை ஓர் ஆள் நீளத்துக்குக் குழிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"டாக்டர் ராஜின் முதல் வகுப்பு ஒவ்வொரு வருடமும் இங்கேதான்" என்றார் திருமதி கார்ட்டர்.

தம்பி நில அளவைப் பாடம் நடத்தியவன். பிள்ளைகளின் கையில் நீளமான இரும்புக் கம்பியைக் கொடுத்துத் தரையில் மெல்ல அழுத்தச் சொல்வானாம். ஒருமுறை தோண்டி மூடிய மண் எத்தனை வருடமானாலும் கொஞ்சம் இளகித்தான் இருக்கும். கம்பி அங்கே சுலபமாக இறங்கும். இறங்கிய இடத்தில் சின்னத் துணிக்கொடி நட்டு, அளந்து, வரைபடத்தில் குறிக்கவேண்டும். கட்டடம் கட்டுவதற்கு முன்னால் கீழே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள் என்பானாம்.

"என் கொள்ளுப்பாட்டி இங்கே எங்கோ இருக்கிறாள்" என்று திருமதி கார்ட்டர் குழிவுகளைக் காட்டினார். "எது என்று தெரியாது. ஆனால் இத்தனைக்குள் ஒன்று என்று அவர்தான் எனக்குச் சொன்னார்."

எங்கள் ஊரில் ஒரே சபையாருடைய கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் நிற்கிறது. எந்தச் சாதி எந்தப் பக்கம் என்று செத்தவர்களுக்கும் தெரியும்போல. தம்பி சின்ன வயதில் அந்தச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறான். அதைத் திருமதி கார்ட்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

சிற்றாலயத்துக்குத் திரும்பியபோது பதினோரு மணி. உள்ளே கால் வைத்தவுடன் திகைத்துப்போனேன். ஒரு பெஞ்சு காலியில்லை, ஆனால் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. கோட்டு சூட்டு போட்ட பையன்கள், வெள்ளை உடையில் பெண்கள், நடுத்தர வயதான பழைய மாணவர்கள், சமையல்கூடத்து ஆட்கள், எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். முன்வரிசை மட்டும் காலி. துக்க வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரவேண்டுமென்பது அவர்கள் வழக்கமாம். நானும் ஷீபாவும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அப்போதும் நின்றார்கள். மனைவி இன்னும் வரவில்லையே.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தடி ஊன்றிய ஒரு முதியவருக்குக் கால் நடுங்கியது, அவரும் உட்காரவில்லை. ஷீபா எழுந்து வெளியே ஓடினாள், நானும் பின்னால் வாசல்வரை போனேன். கார் கண்ணாடி வழியாக அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"தே வோன்ட் சிட் டவுன், மாம். நாட் டில் யூ கம்."

மெர்சி வந்தாள். முந்தானையால் தோளை மூடிக்கொண்டு அந்த நீளமான நடைபாதையில் தனியாக நடந்து வந்தாள். முன்வரிசைக்கு வந்தும் உட்காராமல் எல்லாரையும் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"அவர் இறந்ததை உங்களுக்கு நான் சொல்லவில்லை" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். "மறந்துபோய் இல்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. நீங்கள் வந்தால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்று…"

திருமதி கார்ட்டர் பக்கத்தில் வந்து அவள் முழங்கையைப் பிடித்தார்.

"எங்களுக்குத் தெரியும் அம்மா. குடும்பத்தை ஏன் இங்கே கூட்டி வருவதில்லை என்று முதல் வருடமே கேட்டோம். காரணத்தைச் சொல்லிவிட்டு, என் மனைவியைத் தப்பாக நினைக்காதீர்கள் என்றார். அடக்க அறிவிப்பைப் பேப்பரில் பார்த்தோம். உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று உள்ளே வரவில்லை. சர்ச்சுக்கு எதிரே டயர் கடை வாசலில் நின்றோம். உங்கள் கார்கள் கல்லறைக்குப் புறப்படும்வரை எல்லாரும் நின்றுவிட்டுத்தான் வந்தோம்."

செப்டம்பர் வெயில். டெக்சாஸ் செப்டம்பர் நம்முடைய சித்திரை. ஷீபா அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தாள். அதன் பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். பாட்டு தொடங்கியது. என்ன பாடினார்கள், யார் யார் பேசினார்கள் என்று விவரமாக எழுதத்தான் நோக்கம். என்னால் முடியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் வயல்கள் வந்த பிறகு மெர்சி கேட்டாள்.

"ஷீபா, டயர் கடை வாசல்ல அவங்கள நீ பாத்தியா?"

"ஐ டிட்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"யூ சா தெம் டூ, மாம்."

மெர்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. அன்று மாலையே என் விமானம். தமிழ் ஆராதனை முடிந்து, ஹாலில் காகிதத் தட்டில் இட்லியும் கேக்குமாக எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சபையில் எல்லாருக்கும் மூத்தவர் சாலமோன் அங்கிள். அவர் ஒன்று சொன்னால் கேட்டி முழுக்கச் சொன்ன மாதிரி என்று மெர்சி பயந்து நடந்தவர்களில் முதல் ஆள். அவர் அருகே வந்தார்.

"என்னம்மா மெர்சி, நேத்து யூனிவர்சிட்டில மெமோரியல் வெச்சாங்களாமே. அவ்வளவு தூரம் டிரைவ் பண்ணிட்டு வந்தீங்களா?"

மெர்சி தட்டைக் கீழே வைத்தாள். "அவ்வளவு தூரம் இல்ல அங்கிள். நீங்க நினைக்கிற யூனிவர்சிட்டி இல்ல. அவர் அங்க வேலை பாக்கவே இல்ல" என்று ஆரம்பித்து, இடத்தின் பெயரைச் சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓ, அப்படியா?" என்றார் சாலமோன் அங்கிள். "எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் அங்க படிச்சவங்கதான். நல்லா வொர்க் பண்ணுவாங்க. ஆமா, அக்காவுக்கு ஃபிளைட் எத்தனை மணிக்கு?"

எட்டரைக்கு என்று நான்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேக் எடுக்கப் போனார். திரும்பிப் பார்த்தவர்கள் விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள்.

விமான நிலையத்தில் மெர்சி உள்ளே கதவுவரை கூடவே வந்தாள். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டும் பிடியை விடாமல் நின்றாள்.

"இதுக்காகவா பயந்தேன் மதினி?" என்றாள். "இவ்வளவுதான்னு தெரிஞ்சிருந்தா, அவங்கள உள்ள கூப்பிட்டிருப்பேனே."