பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

கீழ்பென்னாத்தூரில் நான் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அன்றைக்கே அந்த அறைக்குப் பூட்டும் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு மட்டும் திறப்பார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பெண்கள் நாங்கள் தரையைத் துடைப்போம். வாத்தியார் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். "கிட்ட வராதீங்க, ரிப்பேர் ஆனா யார் பதில் சொல்றது"னு விரட்டுவார். பொரியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், மறுபடி அடுத்த பூஜைக்குத்தான்.

மற்ற நாளெல்லாம் மவுஸ் என்றால் என்ன என்று மனப்பாடம் செய்தோம். பிராக்டிகல் பரீட்சை நடத்த வந்த வெளியூர் வாத்தியாருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் எங்களைப் புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். அன்றைக்கும் பூட்டைத் திறக்கவேயில்லை.

பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க, டவுனில் செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பழக்கத்தில் செருப்பை வாசலிலேயே விட்டேன். உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண் செருப்புக் காலை நாற்காலிமேல் மடித்துப் போட்டுக்கொண்டு, டீ குடித்தபடி தட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் என்னிடம், "நம்பரை அடிம்மா" என்றார். எதைத் தொடுவது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்தப் பெண்தான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்து அடித்துக் கொடுத்தாள்.

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிராக்டிகலில் எனக்கு முழு மார்க்.