வெளியே தள்ளிய சூடு

ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: உலகம் எவ்வளவு கெட்டாலும் நமக்கு வேலை குறையாது. நானும் என் கூட்டாளி சாகுலும் ஜொகூர் பாருவில் இருபது வருடங்களுக்கும் மேலாக ஒரே வேனில் ஏணியைக் கட்டிக்கொண்டு அலைகிறோம். முன்பெல்லாம் வெயில் மாதங்களில்தான் போன் ஓயாமல் அடிக்கும். இப்போது வருடம் முழுக்க அடிக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கோ கோபம் வருகிறது. அது யார் மேல் என்பதுதான் சரியாகப் பிடிபடவில்லை. நீங்களும் கழுத்தைத் துடைத்துக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

போர்வை

செனாயில் ஒரு பெரிய வீடு. ஐந்து அறை, ஏழு ஏர்கோன். படுக்கையறையில் குளிர் போதவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே போனால் பல் கிட்டியது. கட்டிலில் நான்கு விரல் தடிமனுக்கு ஒரு கம்பளிப் போர்வை. ரிமோட்டில் பதினாறு என்று காட்டியது. இந்தக் கருவிக்கு அதற்குக் கீழே இறங்கத் தெரியாது என்று வீட்டுக்காரருக்கு விளக்கினேன்.

“இருபத்து நாலுல வைங்க சார், போர்வையே வேணாம்” என்றேன். என்னவோ அவர் பெண்டாட்டியின் தாலியைக் கேட்டுவிட்டதுபோல் பார்த்தார். “போர்வை வெளியூர்ல இருந்து வாங்கிட்டு வந்தது அண்ணே. அத போத்திக்கணும்னா குளிரணும்ல?”

பக்கத்து ஜன்னல்

ஜொகூர் பாருவில் ஒரு அடுக்குமாடி, மலிவு விலை வீடுகள். நான்காவது மாடியில் புது ஏர்கோன் மாட்டினோம். வெளியே வைக்கும் பெட்டியைத் தாங்க ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அதை ஒட்டிப் பக்கத்து வீட்டு ஜன்னல். வாடிக்கையாளர் ‘பரவால்ல, மாட்டுங்க’ என்றார். மாட்டினேன். ஓட்டிப் பார்த்தபோது வெந்நீர்க் கெண்டியின் மூக்குபோல அது அந்த ஜன்னலுக்குள் அனலை ஊதியது.

அந்த ஜன்னலிலிருந்து ஒரு பெண் எட்டிப்பார்த்தார். வேலைக்குப் போய்வந்த சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அவர் வீட்டில் ஏர்கோன் கிடையாது. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. நாங்கள் குளிரைத் தயாரிப்பதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை வாரி வேறிடத்தில் கொட்டுகிறோம், அவ்வளவுதான். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே படித்த பாடம் அது. படித்ததை அன்றுதான் ஒருவர் கேள்வியாகக் கேட்டார். “சூட்ட வெளிய தள்ளுறீங்க, சரி. நாங்க குடியிருக்கிற எடத்துக்குப் பேருதான் வெளியவா அண்ணே?”

உலகம் அழியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கம் ஒன்றின் மண்டபத்தில் கூட்டம். ‘பருவநிலை மாற்றத்தால் உலகம் அழியுமா?’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். பேச்சாளர் வந்துவிட்டார், ஏர்கோன் நின்றுவிட்டது. செயலாளர் அழாத குறையாகப் போன் செய்தார்.

பெட்டி மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. முன்பு யாரோ குளிரவைக்கும் கேஸில் இரண்டு வகையைக் கலந்து அடைத்திருந்தார்கள். முழுதும் எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். பழைய கேஸை ஒரு மெஷின் வைத்துச் சிலிண்டருக்குள் இழுத்துப் பிடிப்பதுதான் முறை. எங்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை. வால்வைத் திறந்துவிட்டு ஒரு சிகரெட் பிடிப்பதுதான் வழக்கம். நானும் திறந்தேன். ஸ்ஸ்ஸென்று போனது. ஒலிபெருக்கியில் பேச்சாளர் சொல்லிக்கொண்டிருந்தார்: உலகம் ஒரே நாளில் அழியாது, தாழ்வான இடத்து வீடுகளிலிருந்து தொடங்கும், ஒவ்வொரு வீடாக அழியும். அடுத்துச் சொன்னார்: நாம் காற்றில் திறந்துவிடும் ஏர்கோன் கேஸ், கார் புகையைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். என் கை வால்வின் மேல் இருந்தது. மூடியிருக்கலாம். கால்வாசியாவது மிச்சமிருந்திருக்கும். நான் மூடவில்லை.

ஏன் மூடவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவசரம் என்று சொல்லலாம். உண்மையிலேயே அவசரப்படுத்தினார்கள். செயலாளர் பின்கதவைத் திறந்து தலையை நீட்டினார். “அண்ணே, அழியறது அப்புறம் அழியட்டும் லா. பத்து நிமிஷத்துல குளிருமா, அத சொல்லுங்க!”

மெஷின்

அடுத்த மாதமே கேஸ் இழுக்கும் மெஷினை வாங்கிவிட்டேன். சாகுல் அதைத் தூக்கிப் பார்த்தான். “நம்ம ரெண்டு பேருக்கும் முதுகு வலி. இதுல இது வேறயா?” என்றான். முதல் சோதனை ஒரு முடிவெட்டும் கடையில். திறந்துவிட்டால் ஐந்து நிமிடம். மெஷினில் முக்கால் மணி நேரம். கடைக்குள் ஒருவர் பாதி மீசையோடு வியர்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் மூன்று முறை வந்து பார்த்துவிட்டு நான்காவது முறை வெடித்தார். “நீங்க உலகத்தக் காப்பாத்தி முடிக்கிறதுக்குள்ள என் கஸ்டமரு எதுத்த கடையில மிச்ச மீசைய எடுத்துட்டுப் போயிடுவாரு!” அதற்குப் பிறகு அவர் எங்களைக் கூப்பிடவில்லை. அந்த வரிசையில் இன்னும் இரண்டு கடைகளும் கூப்பிடவில்லை.

திரும்பும்போது வேன் பாலத்துப் பக்கம் நெரிசலில் நின்றது. சாகுல் வாயைத் திறந்தான். அவன் கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னான். “வானம் எவ்ளோ பெருசு மச்சான், ஒரு டப்பா கேஸ் தாங்காதா? இன்னொரு கடை போச்சுன்னா நீ மெஷின வச்சுக்க, நான் ஏணிய எடுத்துக்கறேன்.”

காஹாங் சுவர்

காஹாங் ஊரில், ஆற்றோரமாக ஒரு குடும்பம். கணவருக்கு எண்ணெய்ப்பனை ஆலையில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். தகரக் கூரைக்குக் கீழே பகலில் எவனால் தூங்க முடியும்? அதனால் ஒரே ஒரு ஏர்கோன். வெள்ளத்தில் வெளிப்பெட்டி மூழ்கிச் செத்துவிட்டது. பழையதைக் கழற்றிப் புதியதை உயரமாக மாட்ட வேண்டும். செத்த பெட்டிக்குள் கேஸ் அப்படியே இருந்தது. மேகம் கருத்து இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் சாகுலின் கை வால்வுக்குப் போயிற்று. தடுத்து அவனையும் ஏணியையும் இழக்க எனக்குத் தைரியம் இல்லை.

“எவ்ளோ உயரத்துல மாட்டணும் தங்கச்சி?” என்று அவன் வீட்டுக்காரம்மாவைக் கேட்டான். அவர் எங்களை உள்ளே கூட்டிப்போய்க் கதவோரச் சுவரைக் காட்டினார். மகனைப் பிறந்தநாள்தோறும் நிறுத்திவைத்துப் பென்சிலால் உயரக் கோடு போட்டிருந்தார். பக்கத்திலேயே மூன்று பழுப்புக் கோடுகள், தண்ணீர் வந்துபோன அடையாளம். முதல் வெள்ளம் பையனின் முழங்காலுக்கு. இரண்டாவது அவன் இடுப்புக்கு. மூன்றாவது அவனுடைய கடைசிப் பென்சில் கோட்டுக்கும் மேலே ஒரு சாண்.

சாகுல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வேனுக்குப் போய் மெஷினைத் தூக்கிவந்தான். “மூஞ்சிய அப்படி வச்சிக்காத” என்று என்னைத்தான் திட்டினான். மழை பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் மெஷினுக்குக் குடை பிடித்துக்கொண்டு இருவரும் நனைந்தோம். ஒரு டப்பா. அதனால் எந்த ஆறும் ஒரு விரல்கூட இறங்காது என்பது எனக்கும் தெரியும். இத்தனை வருடங்களில் நான் திறந்துவிட்ட டப்பாக்களை எண்ணிப் பார்க்க எனக்குப் பயம்.

புதுப் பெட்டியைக் கூரை விளிம்பை ஒட்டி மாட்டினோம். இனி அதற்கு மேல் சுவர் இல்லை. அந்தம்மா அண்ணாந்து பார்த்தார். “பொட்டி தப்பிச்சிரும் அண்ணே. எம்மவன எங்க மாட்டறது?”

உலகம் அழியுமா என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், நீங்கள் எத்தனையாவது மாடி என்று முதலில் விசாரித்துக்கொள்வதாக இருக்கிறேன்.