கட்டைவிரல் அளவு ஊஞ்சல்

வரைவது அவர், பக்கம் கட்டுவது அவள். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் வேலை அப்படித்தான் நடந்தது. படம் ஒரு மென்பொருளில், புத்தக அட்டை இன்னொன்றில். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் அவர்களுடைய கிழட்டுக் கணினி மூச்சுத் திணறும். படம் இரண்டு இடத்தில் கிடந்தால் இன்னும் கனக்கும் என்று அவள் பிரதி எடுக்க மாட்டாள், வெட்டியே எடுப்பாள். கோப்பைச் சேமித்து மூடிவிட்டு, அட்டையைத் திறந்து ஒட்டுவாள்.

"ஒரு நாள் நடுவழியில தொலைக்கப் போற, பாரு," என்று அவர் கிண்டல் செய்வார்.

"உங்களையே இத்தனை வருஷமா தொலைக்கலை. படத்தையா தொலைப்பேன்?" என்பாள்.

கடைசியாக அவர் வரைந்தது, ஊஞ்சலில் ஆடும் ஒரு சிறுமியை. காய்ச்சலில் பறிகொடுத்த மகளின் முகத்தை, அவள் போய் இத்தனை காலத்துக்குப் பிறகு, முதல்முறையாக வரைந்திருந்தார். வரைந்து முடித்த வாரமே பக்கவாதம் வந்து அவருடைய வலது கையைக் கொண்டுபோனது.

அந்தப் படத்தையும் அவள் வழக்கம்போல வெட்டினாள், மூடினாள், ஒட்டினாள். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, அவருக்குக் கஞ்சி ஊட்டப் போனாள்.

மறுநாள் காலை அச்சகக்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, பொண்ணு முகம் கட்டம் கட்டமா உடையுதே! படமா வரலை, படத்தோட சின்ன நகல்தான் வந்திருக்கு. நிழலெல்லாம் அதிகம்ல, கனம் தாங்காம ஒட்டும்போது சுருங்கியிருக்கும். மூலப்படத்தை அனுப்புங்க."

மூலப்படத்தைத் திறந்தாள். ஊஞ்சல் இல்லை, மகள் இல்லை. பளிச்சென்று வெறும் வெள்ளைத் தாள். செய்ததைத் திருப்பும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மூடிய கோப்புக்குப் பழைய நினைவு ஏது? பெற்ற நானே அவளை இரண்டாம் தடவையும் கைவிட்டுவிட்டேனே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா, நம்ம பொண்ணு அட்டையில ஏறிட்டாளா?" கட்டிலிலிருந்து அவர் குரல் குழறி வந்தது.

"ஆமாங்க, ஏறிட்டா."

அட்டையில் ஒட்டிய நகலை, எவ்வளவு சின்னதாக்கினால் முகம் உடையாதோ அவ்வளவு சின்னதாக்கினாள். பரந்த வானத்தின் ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஊஞ்சல் தொங்கியது.

அச்சாகி வந்த அட்டையை அவர் இடக்கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"என்ன இது, இத்தனூண்டு போட்டிருக்க?"

"தூரத்துல ஆடுற மாதிரி இருக்கட்டும்னு..."

"அவதான் தூரமா போயிட்டாளே! அட்டையிலயாவது கிட்ட இருக்கக்கூடாதா?" அவர் கண் கலங்கியது. பிறகு, மனைவியின் முகம் வாடியதைப் பார்த்துத் தாமே சமாதானமானார். "சரி விடு. அடுத்த தடவை அச்சடிக்கும்போது பெருசா போட்டுக்கலாம். படம்தான் பத்திரமா இருக்கே?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அவருடைய வலது கை போர்வை மேல் விறகாகக் கிடந்தது.

"இருக்குங்க," என்றாள்.

அவர் இடது கட்டைவிரலால் அந்த முகத்தைத் தடவினார். விரலுக்கடியில் மகள் முழுசாக மறைந்துபோனாள்.