அப்பா மாட்ட மறந்த ஹோஸ்

அப்பா விட்டுப்போன காரை நானே சர்வீஸ் செய்வேன் என்று வீம்பு எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், யூடியூபைப் பார்த்து, இன்ஜினுக்குள் காற்று போகும் த்ராட்டிலைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஸ்டார்ட் செய்தால், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே வண்டி உறுமியது. தாம்பரம் சிக்னலில் நான் விரட்டுகிறேன் என்று நினைத்து முன்னால் பைக்கில் நின்றவர் திரும்பி முறைத்தார்.

ஒரு வாரம் சமாளித்துவிட்டு, வெட்கத்தை விட்டு மாடம்பாக்கம் செல்வம் அண்ணனிடம் போனேன். அப்பாவின் மெக்கானிக் அவர். "இனிமே நானே பாத்துக்கறேண்ணா" என்று போன மாதம்தான் அவரிடம் பெருமையடித்திருந்தேன்.

அவர் பானெட்டைத் திறந்து, சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு ஒரு சின்ன ஓட்டையைக் கட்டைவிரலால் மூடினார். உறுமல் அப்படியே அடங்கியது. நான் மாட்ட மறந்த ஹோஸ் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் இத்தனை நாளும் அளவுக்கு மீறிய காற்று இன்ஜினுக்குள் போயிருக்கிறது.

"உங்கப்பாவும் ஒரு தபா இதே ஹோஸ மாட்டாம வந்து நின்னாரு தம்பி," என்றார் அண்ணன். "வூட்ல சொல்லிடாத செல்வம்னாரு. நானும் சொல்லல."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. கையெல்லாம் கிரீஸோடு வந்த அப்பா, "சென்சார் போயிடுச்சு" என்று அம்மாவிடம் அலட்சியமாகச் சொன்னார். நாங்கள் நம்பினோம்.

வீட்டில் மனைவி, "என்னவாம் வண்டிக்கு?" என்று கேட்டாள்.

"சென்சார் போயிடுச்சு," என்றேன்.

அப்பா போன பிறகு, அவரை அவ்வளவு பக்கத்தில் உணர்ந்தது அன்றைக்குத்தான்.