ஸ்லைடில் இல்லாத அறுபத்திரண்டு பாலி

மூர்த்தி சார், ஸ்டெல்லாவின் ரத்தத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. பார்க்காமல் ரிப்போர்ட் எழுதினீர்கள். இப்போது லேப் டெக்னீஷியன்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்களாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வகுப்பில் உட்காருபவர்களும் படிக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். ரத்த அணுக்களை எண்ண எங்களிடம் மெஷின் கிடையாது. ஸ்லைடில் ரத்தத்தை இழுத்து, காய வைத்து, ஸ்டெயின் என்கிற சாயத்தை ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் நூறு வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும். அதில் பாதிக்கு மேல் பாலி என்கிற வகை இருக்கும். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய் அதை விழுங்குகிற அணு அது. தினமும் பார்ப்பதால் எனக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். கூட்டம் அதிகமான நாட்களில் ஐம்பது எண்ணி இரண்டால் பெருக்கியிருக்கிறேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

ஒரு காலையில் விவேக் நகரிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். தையல் வேலை செய்பவள். நல்ல காய்ச்சல். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஒரு மாதமாகத் தைராய்டு சுரப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறாள். ஆட்டோ ஓட்டும் அவள் கணவர் அந்தோணி, உங்கள் லேப் ரிப்போர்ட்டை நீட்டினார்.

"நாலு நாள் முன்னாடி எடுத்தது மேடம். எல்லாம் நார்மல்னு இருக்கு. அதான் மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டர் நிறுத்த வேணாம்னுட்டாரு."

பாலி அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தீர்கள்.

என் ஸ்லைடில் ஒரு பாலி கூட இல்லை. வரிசை வரிசையாகத் தேடினேன். இன்னொரு ஸ்லைடு போட்டேன். இல்லை. எங்கள் டாக்டர் கன்னடக்காரர். வார்டிலிருந்து ஓடி வந்தார்.

"சரியா நோடம்மா. ஸ்டெயின் ப்ராப்ளமா இருக்கும்."

"நீங்களே பாருங்க டாக்டர்."

பார்த்தார். முகம் மாறிவிட்டது. அபூர்வமாகச் சிலருக்கு அந்த மாத்திரை எலும்பு மஜ்ஜையில் பாலி உருவாவதையே நிறுத்திவிடும். உடனே மாத்திரையை நிறுத்தி, ஸ்டெல்லாவைத் தனி அறையில் வைத்து ஊசி மருந்து ஆரம்பித்தார்கள்.

"மருந்து கிருமிய அடக்கும். ஆனா பாலி திரும்பி வரலேன்னா கஷ்டம்மா," என்றார் டாக்டர்.

அன்று மத்தியானமே அந்தோணியின் ஆட்டோவில் உங்கள் லேபுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

"ஏம்மா, எனக்கு இருபது வருஷ எக்ஸ்பீரியன்ஸ். ஆளப் பாத்தாலே கவுன்ட் சொல்லிடுவேன்," என்றீர்கள்.

நான் உங்களிடம் பேசிக்கொண்டே ட்ரேயில் ஸ்டெல்லாவின் நம்பரைத் தேடி எடுத்தேன். ஸ்லைடில் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. ஸ்டெயினே போடவில்லை. ஸ்டெயின் போடாத ஸ்லைடில் வெள்ளை அணுவை யாராலும் எண்ண முடியாது.

"ஸ்டெயின் தீந்து போச்சும்மா அன்னிக்கு. இதுக்கா இவ்ளோ கலாட்டா? நார்மல்னு எழுதி எவன் செத்தான்?"

அந்தோணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்லைடைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு தினமும் காலையில் ஸ்டெல்லாவின் ஸ்லைடுதான் முதலில். ஒவ்வொரு நாளும் பாலி பூஜ்யம். அவள் கையில் ட்ரிப்ஸ் ஏறிய இடம் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் சீழ் இல்லை. சீழ் என்பதே கிருமியோடு சண்டை போட்டுச் செத்த பாலிதானே. சண்டை போட ஆள் இல்லாத உடம்பில் சீழ் எப்படி வரும்?

ஐந்தாம் நாள் மோனோசைட் என்கிற பெரிய அணுக்கள் நாலைந்து தெரிந்தன. மஜ்ஜை விழித்தால் முதலில் அவைதான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழாம் நாள், ஸ்லைடின் ஓரத்தில் ஒன்று. லாடம் போல வளைந்த உட்கருவோடு, இன்னும் முழுதாக வளராத இளம் பாலி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அங்கேயே இருந்தது. எத்தனை ஆயிரம் பாலியை எண்ணியிருப்பேன்! ஒன்றையாவது பார்த்திருக்கிறேனா? ஒரு நாள் தாங்காத உயிர் அது. அதற்காக எலும்புக்குள் யாருக்கும் தெரியாமல் ராப்பகலாகக் கோடிக்கணக்கில் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது உடம்பு. நாம் ஆட்டோ பிடிக்கிறோம், தைக்கிறோம், சண்டை போடுகிறோம். அது நிறுத்துவதே இல்லை.

ஒன்பதாம் நாள் நாற்பது பாலி. அந்தோணி அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"மேடம், ட்ரிப்ஸ் போட்ட எடத்துல சீழ் புடிச்சிருச்சு!"

டாக்டர் கை தட்டிச் சிரித்தார். "சீழா? ஸ்வீட் வாங்கிட்டு வாப்பா!"

சீழைப் பார்த்து நான் அழுதது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஸ்டெல்லா பிழைத்தாள்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை நூறு என்றால் நூறு எண்ணினேன். உடம்பு கணக்குத் தவறாமல் செய்வதைப் பார்த்து எழுதுவது மட்டுமே நம் வேலை. அதைக்கூடச் செய்யாதவன் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரக் கூடாது.

மூர்த்தி சார், அந்த ஸ்லைடு இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்றுவரை ஸ்டெயின் போடவில்லை. அடுத்த வகுப்புக்கு எடுத்து வருகிறேன். மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: அந்த அறுபத்திரண்டு பாலியை எங்கே பார்த்தீர்கள்?