புளிச்சாடிக்குள் இருந்த துப்பாக்கி

எங்கள் அப்பா கோபம் வந்தால் பரணைப் பார்ப்பார். பரணில் சாக்கில் சுற்றிக் கட்டிய இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. தாத்தா வாங்கியது, அவருக்குப் பிறகு லைசென்ஸ் அப்பா பேருக்கு வந்தது. கல்வராயன் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி எங்கள் மல்லாட்டைக் கொல்லையைக் கிளறி நிலக்கடலையைத் தின்ற காலத்தில் அதற்கு நல்ல வேலை இருந்தது. அப்புறம் நாலு வருஷம் யாரும் அதைக் கீழே இறக்கவில்லை. ஆனாலும் வரப்புத் தகராறோ, என் கல்யாணப் பேச்சோ, எது வந்தாலும் அப்பா ஒரு தடவை பரணை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். எதிரில் இருப்பவரும் அண்ணாந்து பார்ப்பார். பாதிப் பேச்சு அத்தோடு அடங்கிவிடும்.

நாலு வருஷம் அது இறங்காததற்குக் காரணம் சித்தப்பாவோடு வந்த சண்டை. எங்கள் பக்கம் வேட்டைக் கறியைப் பங்கு போட ஒரு முறை உண்டு. சுட்டவருக்குத் தலை. நாய்க்கு ஒரு பங்கு. துப்பாக்கிக்கும் ஒரு பங்கு. யார் சுட்டாலும் அது துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போகும். கடைசியாக விழுந்த பன்றியைச் சுட்டது சித்தப்பா. துப்பாக்கிப் பங்கை அப்பா எடுக்கப் போனபோது சித்தப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"லைசென்ஸ்தான் உன் பேர்ல இருக்குது. துப்பாக்கி நம்ம அப்பன் வாங்கினது. இதுல பாதி எனக்கு."

ஒரு கூறு கறி. அதற்காக அண்ணன் தம்பி இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் சித்தப்பா குழல் துடைக்கிற நீளக் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு, "இது என் பங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தெருவில்தான் அவர் வீடு. அதற்கப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். எங்கள் ஊர் வடக்கனந்தலுக்குப் பஸ் இல்லை, பேப்பர் இல்லை. டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் பழைய பேப்பரையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை காலையில் தலையாரி வந்தார். லைசென்ஸ் துப்பாக்கிகளை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கள்ளக்குறிச்சி ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம்.

"இல்லன்னா மரம் வெட்டுறவனுங்களுக்குக் குடுத்துட்டேன்னு கேஸ் எழுதிடுவாங்க. அப்புறம் ஜெயிலுதான், பார்த்துக்குங்க."

"எனக்கு இன்னா பயம்?" என்று அப்பா ஏணியைச் சாத்தி ஏறினார். சாக்கை இறக்கி, தலையாரி பார்க்கும்படி கூடத்து நடுவில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே உடைந்த உலக்கை ஒன்று படுத்திருந்தது.

தலையாரி நல்ல மனுஷர், உலக்கையைப் பார்க்காதவர் மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா வெளுத்துப்போய் உட்கார்ந்தார். பிறகு, "அவன்தான்! தம்பிப் பய வேலைதான்!" என்று கத்திக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அம்மா வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"எங்கியும் போவாதீங்க. நான்தான் எடுத்தேன்."

"நீயா?"

"அன்னிக்குக் கறிப் பங்குக்கு நீங்க ரெண்டு பேரும் கத்திக்கினு நின்ன கோலம் எனக்குத்தான் தெரியும். அது பரண்ல இருந்திருந்தா ஒருத்தர் குழியில, ஒருத்தர் ஜெயில்ல."

"அப்ப நாலு வருஷமா உலக்கையக் காட்டியா ஊர மிரட்டிக்கினு இருந்தேன்?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நேரத்தில் சிரித்தது தப்புதான், ஆனால் இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அம்மா துப்பாக்கியை இரண்டாகக் கழற்றி, பிடிக்கிற கட்டையை நெல் குதிருக்குள்ளும் குழலைப் புளிச்சாடிக்குள்ளும் வைத்திருந்தாள். ஆம்பளை கை போகாத இடம் வீட்டிலேயே அந்தச் சாடிதான் என்பது அவள் கணக்கு. இடுப்புயரச் சாடி. உர மூட்டையின் உள் பிளாஸ்டிக்கில் குழலைச் சுற்றி நிறுத்தி, மேலே உப்பும் புளியும் போட்டு அடைத்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு என்று வைத்ததுதான். சண்டை ஓயவில்லை, வருஷா வருஷம் புதுப் புளி அதன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் அதே புளியில்தான் குழம்பு சாப்பிட்டோம்.

குழலை வெளியே இழுத்தபோது அம்மா முகம் செத்துவிட்டது. பிளாஸ்டிக் அடியில் கிழிந்திருந்தது. குழலின் அடிப்பக்கம் முழுக்கச் செந்துரு, நம்பர் வெட்டியிருந்த இடமும் அதற்குள். இரண்டு துளையிலும் புளி கெட்டியாக அடைத்திருந்தது.

"நம்பர் தெரியலன்னா ஸ்டேஷன்ல இது வேற துப்பாக்கின்னு சொல்லிடுவான்" என்றார் அப்பா. "துளையில வெளிச்சம் தெரியலன்னா உள்ள தோட்டா இருக்குதுன்னு சொல்லிடுவான்."

மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். நானும் அம்மாவும் தேங்காய் நாரும் செங்கல் தூளும் வைத்துத் தேய்த்தோம். மேல் துரு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. உள்ளே இருந்த புளி மட்டும் அசையவில்லை. மூங்கில் குச்சி முறிந்தது, குடைக்கம்பி வளைந்தது. வேண்டியது சித்தப்பா வீட்டில் இருந்த கம்பி. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், ஆனாலும் அப்பா இன்னொரு மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மத்தியானம் அம்மா பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"ஜெயிலு பரவால்லியா, தம்பி வூட்டு வாசப்படி பரவால்லியா? ஒண்ணச் சொல்லுங்க."

அப்பா குழலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். சித்தப்பா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா தெருவிலேயே நின்றுவிட்டார். சித்தப்பா குழலைப் பார்த்தார், உள்ளே போனார், துணியில் சுற்றிய கம்பியோடு வந்தார். நாலு வருஷமும் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார் மனுஷர். பளபளவென்று இருந்தது.

குழல் வாயை மோந்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, ஊறுகா போட்டுட்டீங்களா?" என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "பாதி உன்னுதுதான்டா. வந்து தொடச்சி வுடு."

அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் திருவிழா மாதிரி இருந்தது. அண்ணன் குழலைப் பிடிக்க, தம்பி கம்பியைக் குத்த, கறுப்புப் புளி கட்டி கட்டியாக வெளியே வந்து விழுந்தது. கடைசிக் கட்டி விழுந்ததும் அப்பா குழலை வானத்துக்குத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்து, "தெரியுதுடா!" என்று கத்தினார். நான் நம்பர் இருந்த இடத்தை எலுமிச்சைச் சாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எண்ணாகக் கிளம்பியது. கடைசி எண் ஒன்றா ஏழா என்று புரியாமல் எல்லோரும் குனிந்து உற்றுப் பார்த்தோம். விளக்கெண்ணெயில் சாம்பல் குழைத்துப் பூசித் துடைத்தேன், பள்ளத்தில் சாம்பல் தங்கியது. ஏழு. லைசென்ஸ் புத்தகத்திலும் ஏழு. டிரெய்னிங் பரீட்சையில் பாஸானபோதுகூட நான் அப்படிக் கூவியதில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் மறியல்காரர் கண்ணில் படாமல் குழலைக் கரும்புக் கட்டுக்குள் செருகி, கட்டையைப் பையில் போட்டு, சைக்கிளில் கொல்லை வழியாகவே கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள். ஏட்டு துளை வழியாகப் பார்த்தாராம், நம்பரைத் தடவினாராம், "இன்னாய்யா புளி வாசன வருது?" என்றாராம். "மலைப்புளிங்க, வாசன போவாது" என்றாராம் சித்தப்பா. இருட்டுவதற்குள் ரசீதைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு இரண்டு பேரும் தெருவில் வந்தார்கள்.

மறியல் ஓய்ந்து துப்பாக்கி திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். இரண்டு சேவல் அடித்துக் குழம்பு வைத்தோம். எங்கள் வழக்கப்படி அம்மா கரண்டியோடு நின்றாள், ஆம்பளைகள் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பா சட்டியை வாங்கித் தனியாக ஓர் இலையில் கறியை அள்ளி வைத்து, "இது துப்பாக்கிப் பங்கு" என்றார். பழைய சண்டை மறுபடி வந்துவிட்டது என்று நினைத்தேன். சித்தப்பா சாப்பிடாமல் அண்ணனையே பார்த்தார்.

அப்பா இலையை நகர்த்தி அம்மா பக்கம் வைத்தார்.

"நாலு வருஷமா துப்பாக்கி வச்சிக்கினு இருந்தது நீதான். உக்காரு."

அம்மா கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். சித்தப்பா எழுந்து அதை வாங்கிக்கொண்டு, "உக்காருங்க அண்ணி" என்று சொல்லி, அவள் இலையில் முதலில் சோறு போட்டார்.