கழுதை நடந்த குளிர்காலம்

எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு குளிர்காலம் முழுவதும், எங்கள் வீட்டுக்குள் ஒரு கழுதை நடமாடுகிறது என்று நான் நம்பியிருந்தேன். கண்ணால் கண்டதில்லை. சத்தம் மட்டும் கேட்டிருக்கிறேன். மொன்றியலில், செயின்ட்-மிஷேலில், நாங்கள் இருந்தது பழைய இரண்டு மாடி வீடு. கீழே நாங்கள், மேலே அம்மாவின் தம்பியான மாமாவும் மாமியும். குளிர் கூடும் நாட்களில், வீட்டைச் சூடாக்கும் சுவரோரத்து வெந்நீர்க் குழாய்கள் டொக், டொக் என்று அடிக்கும். நாலு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு அடி. குளம்புச் சத்தம்தான், வேறொன்றுமில்லை என்று போர்வைக்குள் கிடந்து கணக்குப் பார்ப்பேன்.

அந்தக் கழுதை அமெரிக்காவிலிருந்து வந்தது.

அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகள். ஒன்றுக்கு யானை சின்னம், மற்றதற்குக் கழுதை. மாமா லொறி ஓட்டுபவர். வாரத்தில் நாலு நாள் எல்லை தாண்டி அந்தப் பக்கம் போய்வருவார். போகிற வழியெல்லாம் வானொலியில் யானைக் கட்சிக்காரர் கதைப்பதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர்களில் ஒருவராகவே ஆகிவிட்டார். அப்பாவுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. பின்னேரம் வந்ததும் சோற்றுக் கோப்பையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். அவர் பார்த்த செய்தி கழுதைக் கட்சியின் பக்கம். இரண்டு பேருக்கும் அந்த நாட்டில் வாக்கு இல்லை. இருக்கிற நாட்டில் வாக்கு இருந்தது; அன்றைக்குப் பனி கொட்டியதென்று இரண்டு பேருமே போகவில்லை.

முதலில் அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. இரும்புப் படியால் இறங்கி வரும்போதே மாமா தொடங்கிவிடுவார். "அத்தான், நீங்கள் ஏறியிருக்கிறது மூதேவியின்ரை வாகனம். எங்கை கொண்டுபோய் விழுத்துது எண்டு பாப்பம்."

அப்பாவும் விடமாட்டார். "உன்ரை யானையென்ன பிள்ளையாரோ தம்பி? அது சேர்க்கஸ் யானை."

பெரியவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கழுதை மூதேவியின் வாகனம் என்பதை அம்மா சொல்லி நான் ஏற்கனவே கேட்டிருந்தேன். யானைமுகன் யாரென்பதும் தெரியும். தினமும் திருநீறு பூசி அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். அப்படியானால் மேல் வீட்டில் பிள்ளையார் இருக்கிறார், கீழ் வீட்டுக்கு அப்பா மூதேவியைக் கூட்டி வந்துவிட்டார். யாரிடமும் கேட்கவும் பயம். கேட்டால் அது உண்மையாகிவிடும்.

அங்கே தேர்தல் முடிந்து கழுதைக் கட்சி வென்ற பிறகு விளையாட்டு நின்றுபோனது. ஒரே பேச்சு கீழேயும் ஓடும், மேலேயும் ஓடும். எங்கள் தொலைக்காட்சியில் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்ல, அரைக் கணம் கழித்து அதே குரல் கூரைக்குள்ளிருந்து அதே சொல்லைச் சொல்லும். அப்பா கை தட்டினால் மேலே காலால் நிலத்தில் ஒரு உதை விழும். மேலே சிரிப்புக் கேட்டால் அப்பா கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார். தைப்பொங்கலுக்கு மாமா இறங்கி வரவில்லை. நான்தான் பொங்கலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உறைந்த இரும்புப் படியில் என் காலடி எனக்குப் பின்னால் வருவது போலவே கேட்டது.

இதெல்லாம் சும்மா வீம்பு என்றால் இன்றைக்கு எழுதியிருக்கமாட்டேன். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இளைய ஒரு தங்கை இருந்தா. என் சித்தி. சித்தியும் சித்தப்பாவும் கைக்குழந்தையும் ஊரில் சண்டைக்கு நடுவே, ஒரு கடற்கரையில் அகப்பட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலைகளில் சித்தி யாரோ ஒருவருடைய தொலைபேசிக்கு வரிசையில் நின்று எங்களை அழைப்பா. அது விசித்திரமான இணைப்பு. அம்மா "பிள்ளை" என்றால், அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரலே "பிள்ளை" என்று திரும்பி வரும். அதற்குப் பின்னால் காற்று. காற்றுக்குப் பின்னால்தான் சித்தி.

ஒரு சனிக்கிழமை சித்தி கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம். அம்மா ஒலிபெருக்கியில் போட்டிருந்தா.

"அக்கா, அமெரிக்கன் கப்பல் வந்து எங்களை ஏத்துமாம் எண்டு இஞ்சை சனம் கதைக்குது. நீங்கள் பக்கத்து நாட்டிலைதானே இருக்கிறியள். அங்கை ரீவியிலை என்ன சொல்லினம்? நிக்கிறதோ, வெளிக்கிடுறதோ? வாற கிழமை எடுப்பன். ஒண்டைச் சொல்லுங்கோ."

வெளிக்கிடுவதென்றால் சண்டைக்கு நடுவால், தண்ணீருக்குள் இறங்கி நடக்கவேண்டும். நிற்பதென்றால் கப்பலை நம்பி நிற்கவேண்டும். சித்திக்கு ஒற்றைச் சொல் போதும். அந்த ஒற்றைச் சொல் எங்கள் வீட்டில் இல்லை.

கப்பல் வரும் என்றார் அப்பா. புது ஆட்சி, இரக்கமுள்ள மனிசர், கடிதங்கள் போயிருக்கின்றன, நிற்கச் சொல்லு. மாமா வராது என்றார். அங்கே ஒரு கட்சி ஏதாவது செய்வோம் என்றால் அதற்காகவே மற்றக் கட்சி செய்யாதே என்னும், அதுகளின் தலைமயிர்ப் பிடிக்குள் கப்பலாவது ஒன்றாவது என்றார். ஊரார் சண்டைக்குள் நமக்கென்ன வேலை என்று யானைக் கட்சிக்காரர் வானொலியில் சொன்னதையும் சொன்னார். தன் கட்சி தலையிட மறுப்பதைக்கூட அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னதுபோல் இருந்தது. அப்பா எழுந்துவிட்டார். கூடப் பிறந்தவளின் உயிரை வைத்துக்கொண்டு கட்சிக் கதை கதைக்கிறாயோ என்று கேட்டார். அதையே மாமாவும் அப்பாவிடம் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுவதும் இருவரும் முகம் பார்க்கவில்லை. குழாய்க்குள் கழுதை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் அம்மா தலைமுழுகிவிட்டு, பூக்கட்டிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டா. எங்கள் ஆட்கள் முடிவெடுக்க முடியாதபோது செய்வதுதான். இரண்டு நிறப் பூக்களை இரண்டு தாளில் பொட்டலமாகக் கட்டி, சுவாமிக்கு முன்னால் வைத்து, ஒரு பிள்ளையைக் கண்ணை மூடி எடுக்கச் சொல்வது. எடுத்தது சுவாமியின் சொல். அந்தக் குளிரில் பூவுக்கு எங்கே போவது? மூலையிலிருந்த டெப்பனர் என்கிற சில்லறைக் கடையில் வாடத் தொடங்கிய கார்னேஷன் இருந்தது. ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. சிவப்பென்றால் வெளிக்கிடு, அது மாமாவின் சொல். வெள்ளையென்றால் நில், அது அப்பாவின் சொல்.

பொட்டலத்தை அம்மா கட்டியிருக்கவேண்டும். அதுதான் முறை. ஆனால் அக்கா தன் புருஷன் பக்கம் சாய்வா என்று மாமா சொன்னார். தம்பி பக்கம் சாய்வாள் என்று அப்பா சொன்னார். அம்மா பூக்களைத் தட்டில் வைத்தா. பிறகு, "அப்ப அவையவை தங்கடை பூவைத் தாங்களே கட்டுங்கோ. பிள்ளையாருக்கு முன்னாலையாவது சண்டை பிடிக்காதையுங்கோ" என்றா.

எங்கள் சாமியறை படிக்குக் கீழிருந்த ஒரு சின்ன அறை, உடுப்புத் தொங்கவிடக் கட்டியது. உள்ளே சிவப்புக் குமிழ் விளக்கு. கற்பூரப் புகைக்கு அபாய மணி அடிக்காமலிருக்க அதற்கு ஒரு குளியல் தொப்பி போட்டிருக்கும். பூக்கள் இரண்டும் தட்டில் இருந்தன. பக்கத்தில் கடை விளம்பரத் தாள்கள். மூத்தவர் என்று அப்பா முதலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தார். பிறகு மாமா போனார். அவர் வர நேரமெடுத்தது. வெளியே வந்தவர் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன், அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இரண்டையும் தட்டிலிட்டு, துணியால் மூடி, தட்டைச் சுற்றிச் சுற்றி வைத்தா. தேவாரம் பாடினா. எடு பிள்ளை என்றா.

நான் களவு செய்யவில்லை. கண்ணை இறுக்கித்தான் மூடியிருந்தேன். ஆனால் விரல்களை மூட முடியவில்லை. துணிக்குக் கீழே ஒன்று, கடலைச் சுருள் மாதிரி நுனியில் முறுக்கியிருந்தது. மற்றது சதுரம்; நாலு மூலையும் கூராக, விளிம்பு உள்ளே செருகியிருந்தது. தினமும் காலையில் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு என் பாண் துண்டுகளை அப்பா அப்படித்தான் சுற்றித் தருவார். தொழிற்சாலைக் கை. எனக்குத் தெரிந்துவிட்டது. முறுக்கியது மாமா. யானை. பிள்ளையார். சதுரம் அப்பா. கழுதை.

பிள்ளையார் எனக்கு முன்னால் இருக்கிறார். அவருடைய பொட்டலம் எதுவென்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பா ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா தோற்றுப்போவதை நான் பார்க்க விரும்பவில்லை. என்னை மன்னித்துவிடு என்று பிள்ளையாரிடம் மனதுக்குள் சொல்லிவிட்டு, சதுரத்தை எடுத்தேன்.

அம்மா பிரித்தா. உள்ளே சிவப்பு.

அந்த நேரம் பார்த்துக் குழாய்ச் சத்தம் நின்றுபோனது. அப்பாவின் மடிப்புக்குள் வெள்ளைதான் இருக்கவேண்டும். சிவப்பு எப்படி வந்தது? வென்றால் வீடதிரச் சிரிக்கும் மாமா வாயே திறக்கவில்லை. அப்பா மட்டும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி. சுவாமி சொல்லிப்போட்டார். அவளை வெளிக்கிடச் சொல்லு" என்றார்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. அம்மா அதைக் கால்படாத இடமாகப் பின்வேலியோரம் பனிக்குள் புதைத்தா. சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. அம்மா "வெளிக்கிடு" என்றா. "வெளிக்கிடு" என்று அம்மாவின் குரலே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு சித்தி, "ஓம்" என்றா.

அதற்கடுத்த சனிக்கிழமையும் தொலைபேசி அடித்தது. யாரும் பேசவில்லை. காற்றும், கடல் மாதிரி ஒரு இரைச்சலும். அம்மா வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றா. அப்படி மூன்று சனிக்கிழமை வந்தது. பிறகு அதுவும் இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பனி உருகியபோது வேலியோரம் போய்ப் பார்த்தேன். முறுக்கிய பொட்டலம் ஊறிக் கிடந்தது. தொட்டதும் தாள் கையோடு வந்தது. உள்ளே இருந்த பூ, பழுப்பேறிய வெள்ளை. ஆக, பிள்ளையார் மாமாவின் பூவையும் மாற்றியிருக்கிறார். நான் செய்ததைப் பிள்ளையார் பார்த்துவிட்டார், கட்டிய பொட்டலத்துக்குள்ளேயே கைவிட்டு இரண்டையும் மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் சாமியறைக்குள் தனியே போகவில்லை.

சித்தியும் குழந்தையும் தப்பி வந்தார்கள். இப்போது பக்கத்தில் வில்லரேயில் இருக்கிறார்கள். அந்தக் கைக்குழந்தை என்னைவிட உயரம். சித்தப்பா வரவில்லை. நடக்க முடியாத தன் தமையனோடு நின்று, கப்பல் வந்தால் ஏற்றிக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றவர். கப்பல் வரவில்லை. யாரும் பேசாத அழைப்பு வந்தால் சித்தி இன்றைக்கும் தொலைபேசியை வைக்கமாட்டா.

எனக்கு இப்போது பாலர் வகுப்புக்குப் போகும் மகள் இருக்கிறாள். போன மாதம் ஒருநாள் அவளுடைய பாணை நானும் சுற்றினேன், நான் சுற்றியது தெரியாமல் என் வீட்டுக்காரரும் சுற்றி வைத்துவிட்டார். மேசையில் இரண்டு பொட்டலம். அவள் சப்பாத்து மாட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி என்னுடையதை எடுத்துப் பைக்குள் போட்டாள். அது அம்மாவுடையதென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியும்தானே என்றாள். துணிக்குக் கீழே நான் தொட்ட அந்தச் சதுரம் ஞாபகம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. மேலே ஏறி, அன்றைக்குப் பூ எப்படி மாறியது என்று மாமாவிடம் கேட்டேன். மாமாவுக்குத் தலை நரைத்துவிட்டது. தொலைக்காட்சியில் அதே இரண்டு கட்சியும், எங்கேயோ வேறொரு சண்டைக்குப் போவதா விடுவதா என்று கத்திக்கொண்டிருந்தன. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அத்தான்தானே முதல் போனவர். நான் போகேக்கை தட்டிலை வெள்ளைதான் மிச்சம் கிடந்தது."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தால் அந்த மனிசன் வீம்புக்குத் திரும்பவும் கப்பல் வரும் எண்டு நிண்டிருக்கும்," என்றார். பிறகு, "உன்ரை கை எதை எடுக்கும் எண்டு அவருக்குத் தெரியும், பிள்ளை" என்றார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். அரைக் கணம் கழித்து, நிலத்துக்குக் கீழேயிருந்து அதே குரல் அதே சொல்லைச் சொன்னது. கூடவே அப்பா கை தட்டுவதும் கேட்டது.

பிள்ளையார் அன்றைக்கு அங்கே இருந்தார் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். பூவில் அல்ல. சாமியறையை விட்டு வெளியே வந்த மாமா, அப்பாவைப் பார்த்த அந்த ஒரு பார்வையில். பத்து வயதில் அதை நான் பகை என்று நினைத்திருந்தேன்.